சக்கரம் வைத்த வீட்டில் லேப்டாப்: இன்வெர்ட்டரை எப்படிப் பயன்படுத்துவது?

புதிதாக லேப்டாப் வாங்கியவர்கள் முதல் மாதம் அதை மேஜையை விட்டு நகர்த்துவதில்லை. இரண்டாவது மாதம் அது அவர்களுடன் ஊருக்குக் கிளம்பிவிடும். வழியில் பேட்டரி தீர்ந்து போகும். அப்போதுதான் கேள்வி வருகிறது: ஓடுகிற வண்டியில் இதை எப்படிச் சார்ஜ் செய்வது? கடைக்காரரைக் கேட்டால் "இன்வெர்ட்டர் ஒன்று வாங்கிப் போடுங்கள் சார்" என்று ஒரு பெட்டியை எடுத்து நீட்டுவார். அதை எங்கே சொருகுவது, எவ்வளவு நேரம் ஓடும், எதை அதில் மாட்டக் கூடாது என்பதையெல்லாம் அவர் சொல்வதில்லை. இந்த இதழில் அதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

பாடத்திற்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது அமெரிக்காவில் 'ஆர்.வி.' என்று அழைக்கப்படும் வண்டி. படப்பிடிப்பு நடக்கும் இடங்களில் நடிகர்கள் ஓய்வெடுக்க நிற்குமே 'கேரவன்', அதைப் போன்றது. உள்ளேயே படுக்கை, சமையல் மேடை, குளியலறை எல்லாம் உண்டு. அங்கே குடும்பத்தோடு இதை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வாரக்கணக்கில் சுற்றுவார்கள். பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும் நம் வாசகர்கள் பலருக்கும் இதில் ஏறும் வாய்ப்பு கிடைக்கிறது. காரை விட்டுவிட்டு இதை எடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. காரில் லேப்டாப் மட்டும்தான் கரண்ட் கேட்கும். ஆர்.வி.யில் விளக்கு, தண்ணீர் பம்ப், ஃபிரிட்ஜ், அறையைச் சூடாக்கும் ஹீட்டர் எல்லாமே ஒரே பேட்டரியில் பங்கு கேட்கும். இந்தக் கணக்கைப் போடத் தெரிந்தவருக்குக் காரில் லேப்டாப் ஓட்டுவது பெரிய விஷயமில்லை.

2024 அக்டோபரில் என் தங்கை குடும்பத்தோடு கலிபோர்னியாவில் 25 அடி நீளமுள்ள வாடகை ஆர்.வி. ஒன்றில் சான் ஹோசேயிலிருந்து யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்குப் போனோம். கூட எங்கள் அம்மாவும் வந்திருந்தார். அம்மாவுக்குத் தூக்கத்தில் மூச்சு தடைபடும் தொல்லை உண்டு. இரவு முழுவதும் 'சிபேப்' என்ற சிறு இயந்திரம் முகமூடி வழியாகக் காற்றை ஊதிக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு மாலையில் மூன்று மணி நேரம் லேப்டாப்பில் வேலை இருந்தது. யோசெமிட்டியின் முகாம்களில் வண்டிக்குக் கரண்ட் இணைப்பு கிடையாது. ஆகவே இரவு இரண்டு மணிக்கு பேட்டரி தீர்ந்தால் லேப்டாப் அணைவதோடு விஷயம் முடிந்துவிடாது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கன்வெர்ட்டர் வேறு, இன்வெர்ட்டர் வேறு

நம் ஊரில் இன்வெர்ட்டர் என்றால் எல்லோருக்கும் தெரியும். கரண்ட் போனதும் மின்விசிறியை ஓட வைக்கும் பெட்டி. அந்தப் பெட்டிக்குள் உண்மையில் மூன்று வேலைகள் நடக்கின்றன. கரண்ட் இருக்கும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்வது ஒன்று. பேட்டரியின் டி.சி. மின்சாரத்தை ஏ.சி. ஆக மாற்றுவது இரண்டு. கரண்ட் போனதும் வீட்டு வயரிங்கைத் தன் பக்கம் மாற்றிக்கொள்வது மூன்று. வண்டிக்கென்று விற்கும் இன்வெர்ட்டர் பெரும்பாலும் நடு வேலையை மட்டும்தான் செய்யும். வண்டி பேட்டரியின் 12 வோல்ட் டி.சி.யை வாங்கி, அமெரிக்காவில் 120 வோல்ட் 60 ஹெர்ட்ஸ் ஏ.சி.யாகவும், நம் ஊரில் 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸ் ஏ.சி.யாகவும் தரும். அவ்வளவுதான்.

ஆர்.வி.யில் இரண்டு வகை பேட்டரிகள் இருக்கும். எஞ்சினை ஸ்டார்ட் செய்ய ஒன்று. 'ஹவுஸ் பேட்டரி' என்று சொல்லப்படும் வீட்டு உபயோகப் பேட்டரி தனியாக. விளக்கு, பம்ப், ஹீட்டரின் மின்விசிறி, ஃபிரிட்ஜின் கட்டுப்பாட்டு போர்டு எல்லாம் இந்த ஹவுஸ் பேட்டரியின் 12 வோல்ட்டில் ஓடுகின்றன. சுவரில் இருக்கும் பிளக் பாயிண்ட், மைக்ரோவேவ், ஏர் கண்டிஷனர் ஆகியவை 120 வோல்ட்டில் ஓடுகின்றன. இந்த 120 வோல்ட் முகாமில் நட்டு வைத்திருக்கும் மின்கம்பத்திலிருந்து தடித்த கேபிள் வழியாக வர வேண்டும், அல்லது வண்டியிலேயே இருக்கும் ஜெனரேட்டரிலிருந்து வர வேண்டும். சாதாரண இணைப்பு 30 ஆம்பியர், அதாவது 3600 வாட் வரை.

முதல் நாள் வண்டியில் ஏறியதும் தங்கை மகன் தன் போன் சார்ஜரை எல்லா இடத்திலும் மாட்டிப் பார்த்துவிட்டு வந்தான். "சுவர்ல ஆறு பிளக் பாயிண்ட் இருக்கே மாமா, ஒண்ணுலகூட கரண்ட் வரல. வண்டி ரிப்பேரா?" என்றான். "ரிப்பேர் இல்லடா, இதுல கன்வெர்ட்டர் இருக்கு, இன்வெர்ட்டர் இல்ல" என்றேன். அவன் நான் வாய் தவறிச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பான்.

கன்வெர்ட்டர் என்பது வெளியிலிருந்து வரும் 120 வோல்ட்டை 12 வோல்ட்டாகக் குறைத்து ஹவுஸ் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் பெட்டி. எல்லா ஆர்.வி.யிலும் இருக்கும். இன்வெர்ட்டர் அதற்கு நேர் எதிரான வேலை செய்வது. விலை குறைந்த வண்டிகளிலும் வாடகை வண்டிகளிலும் பெரும்பாலும் இருக்காது. பெயர்கள் ஒன்றுபோல ஒலிப்பதால் வாடகைக்கு எடுக்கும்போது "எல்லாம் இருக்கிறது" என்ற பதில்தான் கிடைக்கும். எனவே இப்படிக் கேளுங்கள்: "கேபிளும் மாட்டாமல், ஜெனரேட்டரும் ஓடாமல் இருக்கும்போது சுவர் பிளக்கில் கரண்ட் வருமா?" இதற்கு வரும் பதில்தான் உண்மையான பதில்.

வாட்டைப் பத்தால் வகுங்கள்

இன்வெர்ட்டர் கணக்கிற்கு ஒரே ஒரு சூத்திரம் போதும். மாட்டப்போகும் சாதனத்தின் வாட்டைப் பத்தால் வகுத்தால், 12 வோல்ட் பேட்டரியிலிருந்து அது இழுக்கும் ஆம்பியர் தோராயமாகக் கிடைக்கும். பன்னிரண்டால் அல்லவா வகுக்க வேண்டும் என்று கேட்கலாம். இன்வெர்ட்டர் தன் பங்குக்கு 10 முதல் 15 சதவீதம் வரை வெப்பமாக வீணடித்துவிடும். அந்த நஷ்டத்தையும் சேர்த்தால் பத்து என்பது சரியாக வரும்.

உங்கள் லேப்டாப் அடாப்டரின் அடியில் இருக்கும் பொடி எழுத்துகளைப் பாருங்கள். 'அவுட்புட் 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர்' என்று இருந்தால் இரண்டையும் பெருக்குங்கள். 65 வாட் வருகிறது. பத்தால் வகுத்தால் 6.5 ஆம்பியர். இது அதிகபட்ச அளவு. டைப் செய்துகொண்டும் இணையத்தில் படித்துக்கொண்டும் இருக்கும் லேப்டாப், அதே நேரத்தில் மெதுவாகச் சார்ஜும் ஆனால், 45 வாட் அளவில்தான் எடுக்கும். கேம்ஸ் ஆடினால் கதை வேறு.

அதே அடாப்டரில் 'இன்புட் 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்' என்றும் இருக்கும். அப்படி இருந்தால் நம் ஊர் லேப்டாப் அமெரிக்காவின் 120 வோல்ட்டிலும் தயக்கமின்றி ஓடும். பிளக் மட்டும்தான் பொருந்தாது. அதற்காக ஆடிக்கொண்டே இருக்கும் மாற்று பிளக் வாங்க வேண்டாம். அடாப்டரிலிருந்து சுவருக்குப் போகும் வயர் தனியாகக் கழலும் அல்லவா, அந்த வயரை மட்டும் அமெரிக்க பிளக்கோடு வாங்கிக்கொள்ளுங்கள். குலுங்கும் வண்டியில் இது எவ்வளவு நிம்மதி என்பது போகப் போகத் தெரியும்.

அடுத்து பேட்டரியின் பக்கம். 100 ஆம்பியர்-மணி என்று எழுதியிருக்கும் லெட் ஆசிட் பேட்டரியில் நூறையும் எடுக்கக் கூடாது. பாதிக்கு மேல் அடிக்கடி இறக்கினால் அதன் ஆயுள் வேகமாகக் குறையும். எனவே 50 என்று வைத்துக்கொள்ளுங்கள். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி என்றால் 80 வரை எடுக்கலாம்; விலை அதிகம், எடை குறைவு. ஆனால் உறைநிலைக்குக் கீழே குளிர்ந்திருக்கும்போது அதைச் சார்ஜ் செய்யக் கூடாது. எங்கள் வண்டியில் இருந்தது 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரி ஒன்று.

பேட்டரியின் நிலையை அறிய 12.7 வோல்ட் என்றால் முழுசு, 12.2 வோல்ட் என்றால் பாதி என்று நினைவில் கொள்ளுங்கள். பாரம் எதுவும் இல்லாமல் சிறிது நேரம் ஓய்வாக இருக்கும் பேட்டரிக்கு இந்த அளவு. இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இன்வெர்ட்டர் பெட்டியில் 'லோ பேட்டரி அலாரம்' உண்டு என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். அந்த அலாரம் அலறுவது பெரும்பாலும் 10.5 வோல்ட் அருகில். அதற்குள் லெட் ஆசிட் பேட்டரி கிட்டத்தட்ட வற்றிப்போயிருக்கும். அலாரத்தை நம்பாதீர்கள். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகும் சிறு வோல்ட் மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது.

என்ன அலை?

இன்வெர்ட்டர் வாங்கும்போது 'மாடிஃபைட் சைன் வேவ்', 'ப்யூர் சைன் வேவ்' என்று இரண்டு வகை சொல்வார்கள். நம் வீட்டுக் கரண்ட் அலை போல வழுவழுப்பாக ஏறி இறங்கும். ப்யூர் சைன் இன்வெர்ட்டர் அதையே தரும். மாடிஃபைட் சைன் என்பது படிக்கட்டு போலத் தடால் தடாலென்று ஏறி இறங்கும் அலை. செய்வதற்குச் செலவு குறைவு, அதனால் விலையும் குறைவு.

லேப்டாப் அடாப்டர் உள்ளே வரும் ஏ.சி.யை முதல் வேலையாக டி.சி. ஆக்கிவிடுவதால் படிக்கட்டு அலையையும் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். கொஞ்சம் கூடுதலாகச் சூடாகும். சில லேப்டாப்களில் டச்பேட் தாறுமாறாகத் துள்ளும். வைரஸ் என்று பயந்து ஃபார்மேட் செய்ய ஆரம்பிக்காதீர்கள், இன்வெர்ட்டரைக் கழற்றினாலே சரியாகிவிடும். ஆனால் லேசர் பிரிண்டர், சில வகை சிறு பேட்டரி சார்ஜர்கள், மோட்டார் உள்ள சாதனங்கள் ஆகியவற்றை மாடிஃபைட் சைனில் மாட்ட வேண்டாம். சிபேப் போன்ற மருத்துவக் கருவி இருந்தால் என் கருத்தில் யோசிக்கவே வேண்டாம்: ப்யூர் சைன்தான். நாங்கள் வாங்கியது 300 வாட் ப்யூர் சைன்.

300 வாட் என்று எழுதியிருந்தாலும் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகினால் 300 வாட் கிடைக்காது. அந்த சாக்கெட்டின் ஃபியூஸ் வண்டியைப் பொறுத்து 10, 15 அல்லது 20 ஆம்பியர்தான் இருக்கும். நம் சூத்திரத்தைத் திருப்பிப் போடுங்கள்: 15 ஆம்பியர் என்றால் 150 வாட். அதற்கு மேல் இழுத்தால் ஃபியூஸ் போகும். ஃபியூஸ் போகிறதே என்று பெரிய ஃபியூஸாகப் போடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஃபியூஸ் இருப்பது இன்வெர்ட்டரைக் காப்பாற்ற அல்ல, இருக்கைக்கும் டேஷ்போர்டுக்கும் அடியில் ஓடும் வயர் தீப்பிடிக்காமல் காப்பாற்ற. 150 வாட்டுக்கு மேல் தேவை என்றால் இன்வெர்ட்டரை பேட்டரியிலேயே நேரடியாக, தடித்த வயரில், பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு மிக அருகில் ஃபியூஸ் வைத்து இணைக்க வேண்டும்.

தடித்த வயர் ஏன் என்பதற்கும் ஒரு கணக்கு. 1000 வாட் இழுத்தால் பேட்டரி பக்கத்தில் 100 ஆம்பியர் ஓடும். வயரின் மின்தடை வெறும் 0.005 ஓம் என்றாலும் 50 வாட் அந்த வயரிலேயே வெப்பமாகும். 2000 வாட் என்றால் 200 ஆம்பியர். வெப்பம் இரு மடங்காவதில்லை, நான்கு மடங்கு, அதாவது 200 வாட். கையால் தொட முடியாது. இதனால்தான் இன்வெர்ட்டரை பேட்டரிக்குப் பக்கத்திலேயே வைத்து, வயரை அரை மீட்டர் ஒரு மீட்டரில் முடித்துவிட வேண்டும் என்கிறார்கள். தூரம் போக வேண்டுமென்றால் ஏ.சி. பக்கத்து வயரை நீட்டிக்கொள்ளலாம். ஆனால் தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரி இருக்கும் அதே மூடிய அறைக்குள் வைக்கக் கூடாது. அந்த பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வரும். இன்வெர்ட்டரில் தீப்பொறி வரலாம்.

ஓர் இரவின் கணக்கு

இப்போது அம்மாவின் இரவுக்கு வருவோம். பயணத்திற்கு முதல் நாள் தங்கை வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எக்செல் ஷீட் ஒன்றைத் திறந்தேன். புது கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் எக்செல்லை எதற்குப் பயன்படுத்துவது என்று கேட்கிறார்கள், இதற்குத்தான். முதல் காலத்தில் சாதனத்தின் பெயர், இரண்டாவதில் ஆம்பியர், மூன்றாவதில் மணி நேரம், நான்காவதில் இரண்டையும் பெருக்கும் ஃபார்முலா, கடைசியில் கூட்டல்.

யோசெமிட்டி பள்ளத்தாக்கு சுமார் 4000 அடி உயரத்தில் இருக்கிறது. அக்டோபர் இரவில் 4, 5 டிகிரி வரை குளிர் இறங்கும். ஆர்.வி.யின் ஹீட்டர் சமையல் கேஸைப் போன்ற புரொப்பேனில் எரிந்தாலும், சூடான காற்றைத் தள்ளும் மின்விசிறி 12 வோல்ட்டில் 7 ஆம்பியர் அளவு இழுக்கும். அது விட்டு விட்டு ஓடும். ஒன்பது மணி நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஓடும் என்று வைத்தால் 21 ஆம்பியர்-மணி. ஃபிரிட்ஜின் போர்டும் வாயு கசிவைக் கண்டுபிடிக்கும் அலாரங்களும் சேர்ந்து 10. எல்.இ.டி. விளக்குகள் 6. தண்ணீர் பம்ப் 2. இவை மட்டும் 39.

அம்மாவின் சிபேப்பில் காற்றை ஈரப்படுத்த ஒரு சிறு தண்ணீர்த் தொட்டி உண்டு. அதன் சூடேற்றி ஓடினால் மொத்தம் 50 வாட் அளவு ஆகும். இன்வெர்ட்டர் வழியாக 5 ஆம்பியர், எட்டு மணி நேரத்துக்கு 40. என் லேப்டாப் 45 வாட். மூன்று மணி நேரத்துக்கு 13.5. எல்லாம் கூட்டினால் 92.5 ஆம்பியர்-மணி வந்தது. கையில் இருப்பதோ 50.

பேட்டரியை முழுக்கக் குடித்தாலும் விடியும் வரை சந்தேகம்தான். பேட்டரி படுத்துவிட்டால் சிபேப் மட்டும் நிற்காது. மின்விசிறி ஓடாததால் கேஸ் சிலிண்டர் நிறைய இருந்தாலும் ஹீட்டர் எரியாது. 4 டிகிரி குளிரில், எழுபது வயதைத் தாண்டிய ஒருவரோடு, பக்கத்தில் சொருக ஒரு மின்கம்பம்கூட இல்லாத காட்டில் அப்படி ஒரு இரவு வேண்டாம்.

ஜெனரேட்டரை ஓட்டலாமே என்று தங்கையின் கணவர் கேட்டார். முடியாது. யோசெமிட்டியில் காலை 7 முதல் 9, பகல் 12 முதல் 2, மாலை 5 முதல் 7 மணி வரை மட்டும்தான் ஜெனரேட்டர் ஓட்டலாம். இரவு 10 முதல் காலை 6 வரை சத்தமே கூடாது. அதைவிட முக்கியம், ஆட்கள் தூங்கும்போது ஜெனரேட்டர் ஓட்டுவது ஆபத்து. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ வாசனையோ இல்லை.

ஆகவே கூட்டலைக் குறைக்க வேண்டியிருந்தது. சிபேப்பின் உள்ளே இருக்கும் மோட்டார் தன்னளவில் குறைந்த டி.சி. மின்சாரத்தில்தான் ஓடுகிறது. அதன் கம்பெனியே 12 வோல்ட் சாக்கெட்டில் நேரடியாக மாட்டும் அடாப்டர் ஒன்று விற்கிறது. அதை வாங்கி, சூடேற்றியை அணைத்தால் 12 வாட் போதும். எட்டு மணி நேரத்துக்கு 9 ஆம்பியர்-மணி. 40 எங்கே, 9 எங்கே! சூடேற்றியை அணைக்கலாமா என்பதை நாங்களாக முடிவு செய்யவில்லை. ஊரிலிருந்து கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேட்டு, அம்மா வீட்டிலேயே மூன்று இரவு அப்படித் தூங்கிப் பார்த்திருந்தார். தொண்டை கொஞ்சம் வறளும், வேறு தொல்லை இல்லை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் இந்தச் சோதனையை வீட்டில்தான் செய்ய வேண்டும், காட்டில் அல்ல.

லேப்டாப்பை இரவுக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டேன். பகலில் வண்டி ஓடும்போது எஞ்சினின் ஆல்டர்னேட்டர் கரண்ட் தரும். அப்போது 300 வாட் இன்வெர்ட்டரில் மாட்டி முழுவதும் சார்ஜ். முகாமில் மாலை 5 முதல் 7 வரை ஜெனரேட்டர் ஓடும்போது மறுபடி சார்ஜ். ஏழு மணிக்கு மேல் லேப்டாப் தன் சொந்த பேட்டரியில் ஓட வேண்டியதுதான். திரை வெளிச்சத்தைப் பாதியாக்கி, விண்டோஸின் பேட்டரி சேவரைப் போட்டு, தேவையில்லாத புரோகிராம்களை மூடினால் மூன்று மணி நேரம் தாங்கியது. வேலை முடிந்ததும் மூடியை மட்டும் மூடிவிட்டுப் போகாமல் ஷட்டவுன் செய்தேன். ஸ்லீப்பில் கிடக்கும் லேப்டாப்பும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்கும்.

இன்னொரு விஷயம். இன்வெர்ட்டரை அணைத்து வைத்தோம். எதுவும் மாட்டாமல் ஆன் செய்து வைத்திருந்தாலே சிறிய இன்வெர்ட்டர் அரை ஆம்பியர் அளவு எடுக்கும். 2000 வாட் பெட்டி ஒன்று முதல் மூன்று ஆம்பியர் வரைகூட எடுக்கும். எட்டு மணி நேரத்தால் பெருக்கிப் பாருங்கள். 'எதிர்காலத்துக்கு உதவும்' என்று பெரிய இன்வெர்ட்டராக வாங்குபவர்கள் இதை யோசிப்பதில்லை.

புதிய கூட்டல்: 39 உடன் 9, மொத்தம் 48. ஐம்பதுக்கு இரண்டு குறைவு. குளிரில் பேட்டரியின் கொள்ளளவும் குறையும் என்பதால் இதுவும் போதாது என்று தோன்றியது. ஹீட்டரின் தெர்மோஸ்டாட்டை வழக்கத்தைவிட மூன்று டிகிரி இறக்கி வைத்து, ஆளுக்கு ஒரு கம்பளி கூடுதலாக எடுத்துக்கொண்டோம். இரவில் இரண்டு முறை எழுந்து வோல்ட் மீட்டரைப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். காலை ஆறரைக்கு 12.1 வோல்ட் காட்டியது. அம்மா நன்றாகத் தூங்கி எழுந்து காபி கேட்டார்.

அந்தக் காபிக்கும் ஒரு கணக்கு உண்டு. 1500 வாட் எலக்ட்ரிக் கெட்டிலை இன்வெர்ட்டரில் ஓட்டினால் 150 ஆம்பியர். ஐந்து நிமிடத்தில் 12.5 ஆம்பியர்-மணி போய்விடும், அதாவது என் லேப்டாப்பின் ஒரு மாலைப் பொழுது. இவ்வளவு வேகமாக உறிஞ்சும்போது லெட் ஆசிட் பேட்டரி தன் முழு அளவையும் தராது. எங்கள் 300 வாட் பெட்டியில் அதை மாட்டவும் முடியாது. சூடு உண்டாக்கும் எதையும், அயர்ன் பாக்ஸ், ஹேர் டிரையர், இண்டக்ஷன் அடுப்பு எதுவானாலும், இன்வெர்ட்டரிடம் கொண்டு போகாதீர்கள். வண்டியில் கேஸ் அடுப்பு இருக்கிறது. காபி அதில்தான் போட்டோம்.

இன்வெர்ட்டரே வேண்டாமா?

இதுவரை படித்ததில் ஒரு விந்தையைக் கவனித்திருப்பீர்கள். பேட்டரியில் இருப்பது டி.சி. லேப்டாப்புக்கு வேண்டியதும் டி.சி. நடுவில் இன்வெர்ட்டர் அதை ஏ.சி. ஆக்குகிறது, அடாப்டர் மறுபடி டி.சி. ஆக்குகிறது. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்களே, அதுதான். இரண்டு இடத்திலும் நஷ்டம்.

உங்கள் லேப்டாப் யு.எஸ்.பி.-சி வழியாகச் சார்ஜ் ஆகும் வகை என்றால் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் மாட்டும் 65 வாட் 'பவர் டெலிவரி' கார் சார்ஜர் போதும். 12 வோல்ட்டை லேப்டாப் கேட்கும் 20 வோல்ட்டுக்கு அது நேராக உயர்த்திக் கொடுத்துவிடும். 'பி.டி.' என்ற எழுத்தும் வாட் அளவும் அதன் மேல் இருக்கிறதா என்று பாருங்கள். போனுக்கான 18 வாட் சார்ஜரை மாட்டிவிட்டு லேப்டாப் சார்ஜ் ஆகவில்லை என்று சர்வீஸ் சென்டருக்குப் போகிறவர்கள் உண்டு. ஒரு லேப்டாப்புக்காக மட்டும் இன்வெர்ட்டர் வாங்குவது இன்று அவசியமில்லை என்பது என் அபிப்பிராயம். உருண்டைப் பின் அடாப்டர் உள்ள பழைய லேப்டாப், அல்லது லேப்டாப்போடு வேறு ஏதாவது ஏ.சி. சாதனம் என்றால் வாங்கலாம்.

டெஸ்க்டாப் கம்ப்யூட்டரை வண்டியில் வைக்கலாமா என்று கேட்டால், மானிட்டரோடு 200 வாட், அதாவது மணிக்கு 20 ஆம்பியர்-மணி. மேலும் லேப்டாப்பில் உள்ளேயே பேட்டரி இருப்பதால் இன்வெர்ட்டர் திடீரென்று அணைந்தாலும் டைப் செய்தது அழியாது. டெஸ்க்டாப்புக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. வீட்டிலேயே இருக்கட்டும்.

செய்யக் கூடாதவை

இணைக்கும்போது சிவப்பு பாசிட்டிவிலும் கறுப்பு நெகட்டிவிலும் இருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள். மாற்றிக் கொடுத்தால் புது இன்வெர்ட்டர் அந்த நொடியே போய்விடலாம். முதலில் இன்வெர்ட்டரை ஆன் செய்து, பிறகு லேப்டாப்பை மாட்டுங்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது இன்வெர்ட்டரை அணைத்துவிடுங்கள். அதன் மின்விசிறி துவாரத்தைத் துணியோ பையோ மூடக் கூடாது.

இன்வெர்ட்டரின் ஏ.சி.யை சுவர் பிளக் பாயிண்டுக்குள் இரண்டு பக்கமும் ஆண் பிளக் உள்ள வயரால் செலுத்தி வண்டி முழுக்கக் கரண்ட் கொண்டுவரும் 'யோசனை' ஒன்று உண்டு. அந்த வயரின் வெளியே நீட்டிய பின்னில் 120 வோல்ட் இருக்கும். தொட்டவர் கதி என்ன ஆகும்? அதே நேரத்தில் யாராவது வெளி கேபிளையும் மாட்டினால் இரண்டு கரண்டும் மோதி இன்வெர்ட்டர் எரியும். வண்டி முழுவதற்கும் வேண்டுமென்றால் டிரான்ஸ்ஃபர் ஸ்விட்ச் வைத்து எலக்ட்ரீஷியன் செய்ய வேண்டிய வேலை அது. இதில் வேடிக்கையான இன்னொரு வகையும் இருக்கிறது. வண்டியின் கேபிளையே இன்வெர்ட்டரில் சொருகுவது. அப்போது கன்வெர்ட்டர் விழித்துக்கொண்டு, பேட்டரியிலிருந்து வந்த கரண்டில் அதே பேட்டரியைச் சார்ஜ் செய்ய ஆரம்பிக்கும். ஒவ்வொரு சுற்றிலும் நஷ்டம். பாம்பு தன் வாலையே விழுங்கிப் பசியாற நினைப்பது மாதிரி.

நம் ஊர்க் கார்களிலும் வேன்களிலும் இதே கணக்குதான், ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ஹவுஸ் பேட்டரி கிடையாது. எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் பேட்டரி ஒன்றுதான், சிறிய கார்களில் 35 முதல் 45 ஆம்பியர்-மணி. எஞ்சினை அணைத்துவிட்டு 65 வாட் லேப்டாப்பை ஒரு மணி நேரம் ஓட்டினாலே 6.5 போய்விடும். அதற்குள் நிறுத்திக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கிளம்பும்போது தள்ள ஆள் தேட வேண்டிவரும். பெரிய பஸ், லாரிகளில் 24 வோல்ட் என்பதால் அவற்றுக்கு வேறு இன்வெர்ட்டர். அமெரிக்காவில் வாங்கிய 120 வோல்ட் இன்வெர்ட்டரை ஊருக்குக் கொண்டுவந்தால் லேப்டாப் அடாப்டர் ஓடும், நம் ஊர் 230 வோல்ட் சாதனங்கள் ஓடாது. எந்த வண்டியானாலும் சாக்கெட்டில் சொருகிப் பத்து நிமிடம் கழித்து பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத அளவு சுட்டால் உள்ளே தொடர்பு சரியில்லை என்று பொருள். கழற்றிவிட்டு சாக்கெட்டை மாற்றச் சொல்லுங்கள்.